குட்டிக் கார் தந்த ஆஸ்டின்

மழை கொட்டுகிறது. சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் தடதடவென்று போகிறது. ஓட்டுகிறவர் தொப்பலாக நனைந்துவிட்டார். பக்கத்தில் இணைத்த சைடு காரில் அவருடைய மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவள் மடியில் குழந்தை. இருவரும் ஒரே குடைக்குள் ஒடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இங்கிலாந்தில் அடிக்கடி கண்ட காட்சி இது. கார் வாங்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருந்தது. ஆனால் கார் என்பது பணக்காரர்களின் பொருள். மாதச் சம்பளக்காரர்களுக்கு அது எட்டாத பழம்.

அந்தப் பழத்தைத் தாழ்ந்த கிளைக்குக் கொண்டுவந்தார் ஒருவர். அதற்காகத் தம் சொந்தப் பணத்தையும், பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த பெயரையும் பணயம் வைத்தார். அப்போது அவருக்கு வயது 55. அவருடைய கம்பெனியோ கடனில் மூழ்கிக் கிடந்தது.

அவர்தான் ஹெர்பர்ட் ஆஸ்டின்.

அவர் செய்த குட்டிக் காரின் பெயர் "ஆஸ்டின் செவன்". நூறு ஆண்டுகளைக் கடந்த பிறகும் அந்தக் காரைத் துடைத்து, எண்ணெய் விட்டு, பிள்ளையைப் போல வளர்க்கிறவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

குடியானவர் மகன்

ஹெர்பர்ட் ஆஸ்டின் 1866-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி பிறந்தார். இங்கிலாந்தில் பக்கிங்காம்ஷயர் பகுதியில் உள்ள லிட்டில் மிஸ்ஸெண்டன் என்ற சிற்றூர்தான் அவர் பிறந்த இடம். தகப்பனார் விவசாயி. ஹெர்பர்ட் சிறு பிள்ளையாக இருந்தபோதே குடும்பம் யார்க்ஷயருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு பிரபுவின் பண்ணையை மேற்பார்வை பார்க்கும் வேலை தகப்பனாருக்குக் கிடைத்தது.

பையனுக்கு ஏர் பிடிப்பதில் நாட்டம் இல்லை. படம் வரைவதும், எந்திரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதும்தான் அவனுக்குப் பிடித்தவை.

அந்தச் சமயத்தில் அவனுடைய மாமா ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்தார். அந்த நாட்டைப் பற்றி அவர் சொன்ன கதைகள் பையனின் மனதைக் கவர்ந்தன. 1884-ம் ஆண்டில் மாமாவுடன் கப்பல் ஏறினான். அப்போது அவனுக்கு 18 வயது கூட நிரம்பவில்லை.

மெல்போர்ன் நகரில் பட்டறைகளில் வேலை பார்த்தார் ஆஸ்டின். இரும்பை உருக்கவும், கடையவும், இணைக்கவும் கற்றார். 1887-ம் ஆண்டு டிசம்பரில், ஹெலன் டிரான் என்ற பெண்ணை மணந்தார்.

ஆட்டு ரோமமும் கார் என்ஜினும்

ஆஸ்திரேலியா ஆடுகள் நிறைந்த நாடு. அங்கே பிரடெரிக் உல்ஸ்லி என்பவர் ஆட்டு ரோமத்தைக் கத்தரிக்க ஓர் எந்திரம் கண்டுபிடித்திருந்தார். அதைத் திருத்தி அமைக்கும் வேலை ஆஸ்டினிடம் வந்தது. அவர் ஆட்டுப் பண்ணைகளுக்கே போனார். எந்திரம் எங்கே சிக்குகிறது, எங்கே தேய்கிறது என்று பக்கத்தில் இருந்து கவனித்தார். குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினார்.

எந்திரத்தைப் பயன்படுத்துகிறவனின் பக்கத்தில் நின்று பார்ப்பது அவருக்கு அங்கே ஏற்பட்ட பழக்கம். அது கடைசி வரை போகவில்லை.

1893-ம் ஆண்டில் உல்ஸ்லி கம்பெனியின் பொறுப்பாளராக அவர் குடும்பத்துடன் இங்கிலாந்து திரும்பினார். பர்மிங்காம் நகரில் வேலை. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் காலம் ஆண்டில் சில மாதங்கள்தான். மற்ற மாதங்களில் பட்டறைக்கு வேலை குறைவு. அந்த நேரத்தை நிரப்ப அவர் வேறு பொருள்களைச் செய்தார். அப்படித்தான் அவருடைய கண் மோட்டார் கார் மீது விழுந்தது.

முதலில் மூன்று சக்கர வண்டி செய்தார். 1899-ல் நாலு சக்கர வண்டி செய்தார். 1900-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆயிரம் மைல் ஓட்டப் பரீட்சை நடந்தது. ஆஸ்டின் தம் வண்டியை அதில் ஓட்டிப் பரிசு பெற்றார்.

அடுத்த ஆண்டு, கார் செய்வதற்கென்றே உல்ஸ்லி பெயரில் தனிக் கம்பெனி தோன்றியது. ஆஸ்டின் அதை நடத்தினார். ஆனால் அங்கே ஒரு சண்டை வந்தது. என்ஜினின் சிலிண்டர்களைப் படுக்கை வாட்டத்தில் வைக்க வேண்டும் என்பது ஆஸ்டினின் கட்சி. நிற்க வைக்க வேண்டும் என்பது டைரக்டர்களின் கட்சி. அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 1905-ல் வேலையை விட்டு வெளியேறினார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொந்தக் கம்பெனி தொடங்கியதும் அவர் செய்த என்ஜினில் சிலிண்டர்கள் நின்றுகொண்டுதான் இருந்தன!

பாழடைந்த அச்சகம்

பர்மிங்காமுக்குத் தென்மேற்கே சுமார் ஏழு மைல் தூரத்தில் லாங்பிரிட்ஜ் என்ற கிராமம். அங்கே மூடிக் கிடந்த ஓர் அச்சகக் கட்டிடத்தை ஆஸ்டின் வாங்கினார். 1906-ம் ஆண்டில் முதல் ஆஸ்டின் கார் வெளியே வந்தது. தொழில் வளர்ந்தது. 1914-ல் அது பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் பெரிய கம்பெனியாயிற்று.

அதே ஆண்டில் உலகப் போர் மூண்டது. தொழிற்சாலை இரவு பகலாகக் குண்டுகளும் ராணுவ வண்டிகளும் விமானங்களும் செய்தது. தொழிலாளர் எண்ணிக்கை 20 ஆயிரத்தைத் தாண்டியது. அரசாங்கம் 1917-ல் ஆஸ்டினுக்கு "சர்" பட்டம் கொடுத்தது.

ஆனால் அதற்கு முன்பே போர் அவரிடமிருந்து ஒன்றைப் பறித்துக்கொண்டது. அவருக்கு இரண்டு பெண்கள், ஒரே மகன். மகன் பெயர் வெர்னன். ராணுவ அதிகாரியாகப் போர்முனைக்குப் போன அவன், 1915-ம் ஆண்டு ஜனவரியில், பிரான்சில் உயிர் இழந்தான். இருபது வயதைச் சற்றே கடந்த வாலிபன். தகப்பன் கட்டிய தொழிற்சாலைக்கு வாரிசு இல்லாமல் போயிற்று.

ஆஸ்டின் துக்கத்தை மனதில் அடக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

கடனில் விழுந்த கம்பெனி

போர் முடிந்தது. தொழிற்சாலையோ பிரமாண்டமாக வளர்ந்து நின்றது. அத்தனை கைகளுக்கும் வேலை வேண்டும். ஆஸ்டின் ஒரே ஒரு ரகக் காரை ஏராளமாகச் செய்து விற்கத் திட்டமிட்டார். அதன் பெயர் "ஆஸ்டின் 20". பெரிய கார், 3,600 சி.சி. என்ஜின்.

கணக்கு தப்பியது. 1920-ம் ஆண்டின் கடைசியில் வியாபார மந்தம் வந்தது. கையில் பணம் இல்லாத மக்கள் பெரிய காரை எங்கே வாங்குவார்கள்? போதாக்குறைக்கு, 1921 ஜனவரியில் புதிய வரி வந்தது. காரின் குதிரைச் சக்தி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் வரி. பெரிய காருக்கு ஆண்டுதோறும் 20 பவுனுக்கு மேல் கட்ட வேண்டும்.

1921-ம் ஆண்டு ஏப்ரலில் கம்பெனியின் நிர்வாகம், கடன்காரர்களின் சார்பில் நியமிக்கப்பட்ட அதிகாரியின் கைக்குப் போயிற்று. ஆஸ்டின் கட்டிய வீட்டில் ஆஸ்டினே விருந்தாளி போல் ஆனார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை உறுதிப்பட்டது. மோட்டார் சைக்கிளும் சைடு காரும் நிற்கிற இடத்தில் நிற்க வேண்டும். கணவன், மனைவி, இரண்டு மூன்று குழந்தைகள் போக வேண்டும். மழையில் நனையக் கூடாது. வரியும் பெட்ரோலும் குறைவாக இருக்க வேண்டும். அதே சமயம், அது பொம்மையாக இருக்கக் கூடாது. பெரிய காரில் உள்ள எல்லாம் அதிலும் இருக்க வேண்டும்.

டைரக்டர்கள் தலையை ஆட்டி மறுத்தார்கள். கடனில் கிடக்கும் கம்பெனி புதிய சோதனைக்குப் பணம் போட முடியுமா? அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது.

ஆஸ்டின் வாதாடிப் பார்த்தார். பயனில்லை. கடைசியில், தம் பணத்தில், தம் வீட்டிலேயே அந்தக் காரை உருவாக்குவது என்று முடிவு செய்தார்.

பில்லியர்ட்ஸ் அறையில் ஒரு பையன்

தொழிற்சாலையின் வரைபடப் பகுதியில் ஸ்டான்லி எட்ஜ் என்ற பையன் வேலை பார்த்தான். வயது 18. கூர்மையான புத்தி. புதிய என்ஜின்களைப் பற்றி எந்தப் பத்திரிகை வந்தாலும் விடாமல் படிப்பான். ஆஸ்டின் அவனைத் தம் வீட்டுக்கு வரவழைத்தார்.

லிக்கி கிரேஞ்ச் என்பது ஆஸ்டினின் மாளிகை. அங்கே பில்லியர்ட்ஸ் ஆடும் அறை ஒன்று இருந்தது. அந்த அறையில் வரைபடப் பலகை வைத்தார்கள். 55 வயது முதலாளியும் 18 வயதுப் பையனும் அங்கே உட்கார்ந்து, 1921-ம் ஆண்டின் கடைசி மாதங்களிலும் அடுத்த ஆண்டின் முதல் மாதங்களிலும், அந்தக் குட்டிக் காரை வரைந்தார்கள்.

இரண்டு சிலிண்டர் என்ஜின் போதும் என்று ஆஸ்டின் நினைத்தார். விலை மலிவு என்பது அவர் எண்ணம். பையன் ஒப்பவில்லை. இரண்டு சிலிண்டர் என்ஜின் உதறும். நாலு சிலிண்டர் வழவழவென்று ஓடும். அதைச் சின்னதாகவும் மலிவாகவும் செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினான்.

ஒரு காலத்தில் டைரக்டர்களையே எதிர்த்து வெளியேறிய பிடிவாதக்காரர் ஆஸ்டின். ஆனால் அந்தப் பையனின் கணக்கைப் பார்த்ததும் தம் பிடிவாதத்தை விட்டார். நாலு சிலிண்டர் என்றே முடிவாயிற்று. இந்த ஒரு முடிவுதான் அந்தக் காருக்கு உயிர் கொடுத்தது.

கார் முழுவதும் ஆஸ்டின் பெயரிலேயே வெளிவந்தது. பையனின் பங்கை உலகம் பல ஆண்டுகளுக்குப் பிறகே நன்றாக அறிந்தது. இன்று ஆஸ்டின் செவன் பிரியர்கள் இரண்டு பெயர்களையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

முக்கால் லிட்டர் என்ஜின்

அந்த என்ஜினின் அளவு முதலில் 696 சி.சி. சீக்கிரமே 747 சி.சி. ஆக உயர்த்தினார்கள். நாலு சிலிண்டர்களின் கொள்ளளவையும் கூட்டினாலும் முக்கால் லிட்டர்தான்! சிலிண்டரின் குறுக்களவு 56 மில்லிமீட்டர். அன்றைய வரிக் கணக்கு குறுக்களவையும் சிலிண்டர் எண்ணிக்கையையும் மட்டுமே பார்த்தது. ஆகவே சிலிண்டரை ஒடுக்கமாகவும் நீளமாகவும் செய்தார்கள். ஆண்டு வரி எட்டுப் பவுனோடு நின்றது.

பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுக்குக் கிராங்க் ஷாப்ட் என்று பெயர். அதை நடுவிலும் தாங்குவது வழக்கம். இந்தக் காரிலோ இரண்டு முனைகளில் மட்டுமே தாங்கல். வேகம் அதிகமானால் தண்டு கயிறு போல் நெளியும். ஆனாலும் வண்டி ஓடியது! நடுவில் மூன்றாவது தாங்கல் 1936-ல்தான் வந்தது.

எண்ணெயைப் பீச்சும் சிறு குழாய்கள் சுழலும் தண்டை நோக்கி எண்ணெயைத் துப்பும். அதில் விழுந்ததைக் கொண்டு தண்டு திருப்தி அடைய வேண்டும். தண்ணீரைச் சுற்றிவிடப் பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறும்; குளிர்ந்தது தானே கீழே இறங்கும். தொடக்கத்தில் பெட்ரோலுக்கும் பம்பு இல்லை. டாங்க் உயரத்தில் இருந்ததால் பெட்ரோல் தானாக இறங்கி வந்தது. கெட்டுப்போகக் கூடிய உறுப்பு குறைந்தால் செலவும் குறையும் அல்லவா?

நாலு சக்கரத்துக்கும் பிரேக்கு வைத்தார்கள். அன்று பல பெரிய கார்களிலும் இல்லாத வசதி அது. ஆனால் கால் பிரேக்கு பின்சக்கரத்தையும், கைப் பிரேக்கு முன்சக்கரத்தையும் பிடிக்கும். இரண்டையும் 1930-ல்தான் இணைத்தார்கள். வண்டியின் எடை சுமார் 360 கிலோ.

சிரித்தவர்கள் வாங்கினார்கள்

1922-ம் ஆண்டு ஜூலையில் ஆஸ்டின் செவன் அறிவிக்கப்பட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். குழந்தை விளையாடும் வண்டி என்றார்கள். கேலிக் கதைகள் ஊர் முழுவதும் உலவின.

ஆஸ்டின் வாயால் பதில் சொல்லவில்லை. காரைப் பந்தயத்துக்கு அனுப்பினார். அவருடைய மருமகன் ஆர்தர் வெய்ட் என்ற ஆஸ்திரேலியர் 1923-ல் இத்தாலியில் மோன்ஸா பந்தய மைதானத்தில் குட்டிக் காரை ஓட்டி வென்றார். 1928-ல் ஆஸ்திரேலியாவின் பிலிப் தீவில் நடந்த 100 மைல் பந்தயத்திலும் வென்றார். எந்த நாட்டில் ஆஸ்டின் பட்டறைப் பையனாக நின்றாரோ, அந்த நாட்டிலேயே அவருடைய கார் வெற்றிக்கொடி நாட்டியது.

சிரித்தவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆரம்ப காலத்தில் விலை 165 பவுன். போகப் போக இன்னும் குறைந்தது. சைடு கார் வியாபாரம் படுத்தது. குமாஸ்தாவும் ஆசிரியரும் நர்சும் கார்க்காரர்கள் ஆனார்கள். 1939 வரை சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் வண்டிகள் செய்யப்பட்டன.

விற்ற ஒவ்வொரு காருக்கும் இரண்டு கினி ஆஸ்டினுக்குச் சேர்ந்தது. சொந்தப் பணத்தைப் போட்டதற்காகக் கம்பெனியுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. வேண்டாம் என்ற டைரக்டர்களின் கம்பெனியும் பிழைத்தது. துணிந்தவரின் பையும் நிறைந்தது.

குட்டியின் பிள்ளைகள்

ஜெர்மனியில் டிக்சி என்ற கம்பெனி, 1927 முதல், அனுமதி பெற்று ஆஸ்டின் செவனைச் செய்தது. அடுத்த ஆண்டில் அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கியது பி.எம்.டபிள்யூ. உலகம் போற்றும் பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் முதல் கார், ஆஸ்டினின் குட்டிக் கார்தான்!

அமெரிக்காவிலும் அனுமதி பெற்று அதைச் செய்தார்கள். அந்தக் கம்பெனி பிறகு பாண்டம் என்று பெயர் மாறியது. 1940-ல் ராணுவத்துக்காக முதல் ஜீப் வண்டியின் மாதிரியைச் செய்தது அதுதான்.

இங்கிலாந்தில் வில்லியம் லயன்ஸ் என்பவர் சைடு கார் செய்து விற்றுவந்தார். 1927-ல் அவர் ஆஸ்டின் செவனுக்கு அழகான புதிய உடல் கட்டி விற்றார். பிற்காலத்து ஜாகுவார் காருக்கு அதுவே தொடக்கம். 1948-ல் காலின் சாப்மன் என்ற மாணவர் பழைய ஆஸ்டின் செவனைப் பிரித்துத் தம் முதல் பந்தயக் காரைக் கட்டினார். அவர்தான் லோட்டஸ் கம்பெனியை நிறுவியவர். நியூசிலாந்தில் புரூஸ் மெக்லாரன் என்ற சிறுவன் பந்தயம் பழகியதும் ஓர் ஆஸ்டின் செவனில்தான்.

பிரித்தால் புரியும், புரிந்தால் பூட்டலாம். அந்தக் காரின் பெருமை அதுதான். பணம் இல்லாத பையனுக்கும் அது பள்ளிக்கூடமாக இருந்தது.

வாரிசு

1936-ம் ஆண்டில் ஆஸ்டின் பிரபு ஆனார். அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் காவெண்டிஷ் ஆராய்ச்சிசாலைக்கு இரண்டரை லட்சம் பவுன் நன்கொடை கொடுத்தார். அந்தப் பணத்தில் எழுந்த கட்டிடத்துக்கு ஆஸ்டின் பெயரையே வைத்தார்கள். 1953-ல் வாட்சன், கிரிக் என்ற இரு விஞ்ஞானிகள், உயிர்களின் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் டி.என்.ஏ. எப்படி அமைந்திருக்கிறது என்று கண்டது அந்தக் கட்டிடத்தில்தான்.

1941-ம் ஆண்டு மே 23-ந் தேதி ஆஸ்டின் காலமானார். அவருக்கு வயது 74. பிரபுப் பட்டம் அவரோடு முடிந்தது. அதைச் சுமக்க மகன் இல்லை.

ஆனால் பெயர் முடியவில்லை. 1948-ல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தொடங்கப்பட்டது. எண்ணூரில் அது பூட்டி விற்ற கார், ஆஸ்டின் ஏ-40. அதே கம்பெனிதான் 1955-ல் அசோக் லேலண்ட் ஆயிற்று.

1959-ல் லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் இன்னொரு குட்டிக் கார் பிறந்தது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், தம் வாலிப வயதில் ஆஸ்டின் செவனைத் திருத்திப் பந்தயம் ஓட்டியவர். புதிய காரை முதலில் ஆஸ்டின் செவன் என்ற பெயரிலும் விற்றார்கள். அதுதான் "மினி". அந்தப் பெயர் பின்னால் பி.எம்.டபிள்யூ. கம்பெனிக்குப் போயிற்று. தாத்தாவிடம் வாங்கிய கடனைப் பேரனை வளர்த்துத் தீர்த்தாற்போல் ஆயிற்று!

லாங்பிரிட்ஜில் கார் செய்துவந்த கம்பெனி 2005-ல் நொடித்துப்போனது. பெரிய தொழிற்சாலை போயிற்று. குட்டிக் கார் இருக்கிறது.

1939-ல் இங்கிலாந்தில் ஆஸ்டின் செவன் பிரியர்கள் "750 மோட்டார் கிளப்" என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பல சங்கங்கள் தோன்றின. 2022-ல் காரின் நூற்றாண்டு விழா நடந்தது. பாட்டன் ஓட்டிய காரைப் பேரன் ஓட்டிவந்தான்.

அந்தக் காரின் கிளட்ச் பொல்லாதது. காலை அரை அங்குலம் நகர்த்தினால் வண்டி பாயும். இல்லையேல் என்ஜின் நின்றுவிடும். பிரேக்கை நம்பி அவசரமாகப் போக முடியாது. மேட்டில் மூச்சு வாங்கும். பிரியர்களுக்கு இந்தக் குறைகள் எல்லாம் தெரியும். தெரிந்தேதான் விரும்புகிறார்கள். வீட்டுக் கொட்டகையில் நாலே நாலு சாவிகளை வைத்துக்கொண்டு, தகப்பன் பிரித்துக் காட்ட, பிள்ளை பார்த்துக் கற்கிறான்.

போர்க்களத்தில் ஒரே மகனைப் பறிகொடுத்த தகப்பன் ஆஸ்டின். அவர் செய்த குட்டிக் கார், நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் தகப்பனையும் பிள்ளையையும் ஒரே விளக்கின் கீழ் உட்கார வைக்கிறது.